ராயக்கோட்டை மலையும் காலை எட்டு மணி மாத்திரையும்

கீமோ ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே ராயக்கோட்டை மலை ஏற ஆசைப்பட்டேன். எனக்குச் சினைப்பைப் புற்றுநோய், முற்றிய நிலையில்தான் தெரிந்தது. கீமோ முடிந்து, நோய் திரும்புவதைத் தள்ளிப்போட இப்போது காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை. நடுவில் ரத்த அளவு இறங்கி மூன்று வாரம் நிறுத்தினார்கள். அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கிய டாக்டர், "மெதுவா மலை ஏறலாம்" என்றதும் கிளம்பிவிட்டோம்.

போன ஞாயிறு காலை எட்டேகாலுக்கு ஓசூரிலிருந்து பைக். கெலமங்கலத்தில் இரண்டு டீ, முப்பது ரூபாய். ஒன்பதரைக்கு அடிவாரம். வண்டியை நிறுத்தும்போதுதான் சுருக்கென்றது.

"ஏங்க, காலையில மாத்திர போட்டனா?"

என் கணவர் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புப் பிரிவு. அங்கே மெஷின்களுக்கு இருப்பதுபோல எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு செக் ஷீட் ஒட்டி, நான் விழுங்கியதும் டிக் போட்டுக் கையெழுத்திடுவார்.

"டிக் போட்டிருக்கனே செல்வி," என்றவர் முகம் மாறியது. "அவசரத்துல ஏழு மணிக்கே போட்டுட்டேன். கம்பெனியில அப்படித்தான், முன்னாடியே ரொப்பிடுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. போட்டேனா என்பது எனக்கும் நினைவில்லை. அவர் வீட்டுக்கே போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினார். நான் மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"சந்தேகம்னா இன்னொன்னு போடாதீங்கம்மா. ராத்திரி எட்டுக்கு வழக்கமானது மட்டும் போடுங்க. பயப்படாம மலையேறுங்க."

ஏறினோம். ஒரு மணி இருபது நிமிடம், ஐந்து இடத்தில் உட்கார்ந்தோம்.

"உங்க கம்பெனி மெஷினுக்குக் கெடைக்கிற கவனிப்புகூட எனக்கில்ல."

"அதையும் பாக்காமதான் டிக் போடுவேன்," என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உச்சியில் தக்காளித் தோட்டங்களைப் பார்த்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதரோடு இன்னும் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேண்டும்.

போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன் இறங்குங்கள். என்னைப் போன்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். மாத்திரை அட்டை வீட்டில் அல்ல, பையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அட்டையை எண்ணினோம். காலை மாத்திரை அப்படியே இருந்தது. அவர் செக் ஷீட்டில் காலை டிக்கின் மேல் கோடு போட்டு, 'விடுபட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரவு எட்டுக்குத் தண்ணீரோடு வந்து நின்றார். விழுங்கினேன். அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"வாயத் தொற, பாக்கணும்."

திறந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் டிக் போட்டார்.