என் தொண்டையும் என் மகளும்

முட்டம் கடற்கரையில் பிறந்தவள் நான். அங்கே அலையின் இரைச்சலுக்கு மேலே பேசினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். பாசமோ கோபமோ, எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சத்தம்தான். கல்யாணமாகி இராஜாக்கமங்கலம் பக்கம் வந்த பிறகும் அது குறையவில்லை. "நீ ரகசியம் சொன்னா பஸ் ஸ்டாப்புல நிக்கவனுக்கும் கேக்கும்" என்பார் கணவர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாலு வயது மகளைத் தத்தெடுத்துக் கூட்டி வந்த இரண்டாம் நாள், அடுப்படியிலிருந்து ஆசையாகக் கூப்பிட்டேன். "ஏட்டி, சோறு தின்ன வா மக்களே!" வரவில்லை. தேடிப் போனால், கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தாள். கவுன் நனைந்திருந்தது.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். அவள் பிறந்த வீட்டில் முதலில் சத்தம் வருமாம், பின்னாலேயே அடி வருமாம். இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று வந்த கோபத்தையும் அன்று மெதுவான குரலில்தான் காட்ட முடிந்தது.

அதன்பின் வீடே கிசுகிசுத்தது. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். மீன்காரர் ஹாரன் அடிக்குமுன் தெருமுனைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் பாட, நான் வாயை மட்டும் அசைத்தேன். மத்தியானங்களில் தென்னோலை நிழல் தரையில் அசையும். அவள் விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் போவாள். நானும் பக்கத்தில் படுத்து, காதோரம் ஏதாவது சொல்வேன். எந்நேரமும் யாரோ தூங்கிக்கொண்டிருக்கும் வீடு போல இருந்தது. பேசுவது நான்தானா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.

மெல்ல மெல்ல என் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். எனக்கு ஒரே ஒரு பயம்தான். என்றாவது என் பழைய குரல் வெளியே வந்துவிடும், அன்றோடு இந்தக் கை போய்விடும்.

ஒரு வருடம் கழிந்து, ஒரு சாயங்காலம் முட்டத்துக்குப் போயிருந்தோம். அவள் சிப்பி பொறுக்கினாள். மணலில் உட்கார்ந்திருந்த எனக்குக் காற்றில் கண் சொக்கியது. விழித்துப் பார்த்தால், ஈரப் பாறையின் மேல் நிற்கிறாள். பின்னால் பெரிய அலை ஒன்று எழும்பி வருகிறது.

"ஏட்டீ! எறங்கு! இஞ்ச வா!"

வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு குதித்து ஓடினாள். அலை பாறையில் அறைந்தது. அவள் ஓடியது என்னை நோக்கித்தான். என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அவள் உடம்பெல்லாம் நடுங்கியது.

"அம்மா, யாரும்மா கத்துனா?"

பக்கத்தில் ஒரு அக்கா காய்ந்த கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் கையை நீட்டினால் போதும். நீட்டிவிடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன்.

"நாந்தான் மக்களே."

தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தாள்.

"அடிப்பியா?"

"மாட்டேன்."

என் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு, நடுக்கம் நிற்காமலேயே, என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.