மதில்மேல் வைத்த தாம்பூலம்

அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு வந்தால் என் நங்கையா நேரே சமையலறைக்குப் போவார். ரசத்தை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, "உப்புப் பத்தல" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மூட்டுவாதத்தில் என் விரல்கள் மடங்காமல் போனபோது எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். கோயமுத்தூரில் அதற்கான முதல் ஊசி போட்ட அன்று கூட வந்தவரும் அவர்தான்.

வலி போனதும் டாக்டர் சொன்ன எச்சரிக்கையெல்லாம் எனக்கு மறந்தே போனது.

மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த நங்கையா, கேட்டுக்கு வெளியிலேயே நின்று தாம்பூலத் தட்டை மதில்மேல் வைத்தார். எங்கள் பக்கம் அது பெரிய அவமரியாதை.

"ஏனுங்க நங்கையா, நான் என்ன தப்புப் பண்ணீட்டேன்?" என்று ஓடினேன்.

"கிட்ட வராதே அம்மிணி!" மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினார். "எனக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. சளியை டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கறேன். அந்த ஊசி போட்டா எதிர்ப்புச் சக்தி கொறையும், இருமறவங்க கிட்டப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரல்ல? மத்த ஊட்டுக்கெல்லாம் உங்கண்ணன் போறாரு. உன்னை நானே கூப்பிடாட்டி மனசு கேக்குமா?"

டி.பி. என்று ரிசல்ட் வந்தது. "அவங்க உள்ள வந்திருந்தா உங்களுக்கு ஆபத்தாப் போயிருக்கும்" என்றார் என் டாக்டர்.

மருந்து முடிந்து நங்கையா தேறி வரும்வரை என் ரசத்தைக் குறை சொல்ல ஆளில்லை. இப்போது மறுபடியும் நேரே சமையலறைக்குத்தான் போகிறார். "உப்புப் பத்தல" என்கிறார்.

பத்தாதுதான். அதைக் கேட்கவே, அவர் வருகிற நாளில் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்.