வெள்ளைப் பஞ்சு வராத மாரி

நாகத் தூளை, அதாவது துத்தநாகத் தூளை, உலையில் வைத்துச் சூடாக்கினால் ஆவியாகும். அந்த ஆவி வழியில் கொஞ்சம் ஒட்சிசனைச் சந்தித்தால், குழாயின் குளிர்ந்த பக்கத்தில் நாக ஒட்சைட்டு வெள்ளைப் பஞ்சாகப் படியும். பஞ்சை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் நெருஞ்சி முள் மாதிரி நாலு கால் நீட்டிய நுண்ணிய படிகங்கள். என் முதுமாணிப் பட்ட ஆய்வு முழுவதும் இவ்வளவுதான். சொல்லச் சுகமாக இருக்கிறது.

முதல் தடவையே பஞ்சு வந்துவிட்டது. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிப் படம் எடுப்பித்தேன், அழகான நாலுகாலிகள். தலைகால் தெரியாமல் திரிந்தேன். என் மேற்பார்வையாளர் கிண்ணியாக்காரி, புகழ்வதில் மகா கஞ்சம். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒருக்கா வந்தது தற்செயல். இன்னும் மூணு தரம் வரட்டும், பிறகு எழுதலாம்" என்றார். என் பதிவுக் காலத்தை ஏற்கெனவே நீடித்துத் தந்திருந்தார்கள். இந்த மாரி மழை முடிவதற்குள் எழுதத் தொடங்காவிட்டால் படிப்பும் இல்லை, படிப்பை நம்பித் தந்திருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலையும் இல்லை.

எங்கள் ஆய்வுகூடத்து யன்னலைத் திறந்தால் கடல். அந்த உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அடுத்த தடவைக்கு ஆயத்தம் செய்யும்போது குழாயின் முனை மூடியில் இருந்த திருகாணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. திருத்துகிற ஆளின் பதவியோ வெற்றிடம். ஆகவே என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிப் படகு திருத்துபவர். கழலாத ஆணி என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஒரு சனிக்கிழமை வந்தார். நான் வகுப்பை முடித்துத் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பஞ்சு வரவே இல்லை. ஆவியாகிப் போன நாகம் நாகமாகவே திரும்பி, குழாயில் சாம்பல் நிறமாக அப்பிக்கொண்டது. வெப்பத்தைக் கூட்டினேன், குறைத்தேன். தூளை மாற்றினேன். ஆவியைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போக விடும் நைதரசனின் வேகத்தை மாற்றினேன். சனிக்கிழமை உலையில் கை வைத்தது சரியில்லை என்று அம்மா சொன்னதைக்கூட ஒரு கணம் யோசித்தேன். பௌதிகவியல் படித்தவளுக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டாம். வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். கணவர் மட்டும் "வரும், வரும்" என்பார். மீன் படாத நாட்களில் அவருடைய ஆட்கள் சொல்வதும் இதைத்தான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாரி பாதி போன பிறகு, வாயு எங்காவது வீணாகிறதோ என்று முனை மூடியைச் சுற்றிச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. இந்தப் பழைய உலை ஒருநாளும் இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. மூடியைக் கழற்றினால், மூடிக்கும் குழாய்க்கும் இடையில் வெடித்துக் கிடந்த பழைய றப்பர் வளையத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் கொழுத்த புது வளையம், ஓரமெல்லாம் படகுக்குப் பூசுகிற பசை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"வளையத்தை மாத்தினனீங்களோ?"

"ஓம். பழசு வெடிச்சுப்போய்க் கிடந்தது. காத்து உள்ளுக்குப் போகுமெல்லோ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஓட்டை அடைச்சதையும் ஒரு கதையெண்டு ஆரும் சொல்லுவினமோ?"

அவர் சொன்னது உண்மைதான். சல்லியில் யாருடைய படகென்றாலும் ஓட்டையைக் கண்டவர் அடைத்துவிட்டுப் போவார். உரியவரைக் கேட்பதும் இல்லை, பிறகு சொல்வதும் இல்லை. சொன்னால் கைம்மாறு கேட்பது போலாகிவிடும். அந்தப் பழக்கம் என் உலைக்குள்ளும் வந்துவிட்டது. குழாயில் மிஞ்சியிருக்கும் காற்றே போதும் என்று நான் நினைத்திருந்தேன். வெடித்த வளையத்தால் கசிந்த காற்றுத்தான் முதல் தடவை எனக்கு ஒட்சிசன் தந்திருக்கிறது. அது எனக்கு அப்போது விளங்கிவிட்டது, ஆனால் கோபம் அடங்கவில்லை. "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கிப் போட்டீங்கள்" என்று கத்தினேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் மேற்பார்வையாளர் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. "ஓட்டையை அளக்க ஏலாது. காத்தை அளந்து விடுங்க" என்றார். மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டர் ஒன்று வாங்கினேன். காற்றைக் கூட்டிக் குறைக்க, சேலைன் ஏற்றும் குழாயில் துளியைக் கட்டுப்படுத்துகிற உருளை போதுமாக இருந்தது. மூடியில் ஒரு துளை மட்டும்தான் பாக்கி. உருக்கு மூடி. அதைத் துளைக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என்னோடு கதைக்காமல் இருந்தார்.

கேட்டதும் வந்தார். துளைகருவியை மூடியில் ஊன்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"ஓம். போடுங்கோ."

போட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தக் கிழமையே பஞ்சு வந்தது. திரும்பவும் வந்தது. கடைசித் தடவைக்கு மேற்பார்வையாளரே கதிரையை இழுத்துப் போட்டு உலைக்கு முன்னால் உட்கார்ந்தார். குழாய் ஆறியதும் உள்ளே எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எழுதத் தொடங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்து கணவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் ஏதோ படகை உரஞ்சுகிற இரைச்சல்.

"எழுதச் சொல்லிப்போட்டா" என்றேன்.

இரைச்சல் நின்றது. "அப்ப வேலை போகாதோ?"

"போகாது."

பிறகு, "அப்ப அந்தத் துளையை இனி அடைக்கலாமோ?" என்று கேட்டார்.

"தொட்டீங்களெண்டால் வீட்டுக்கு வரவேண்டாம்" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.