பின்வாசலைக் காட்டாத வீடியோ

பதுளை பஜாரில் எங்களுக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, தேவாலயத்தில் முதல் நன்மை, எது நடந்தாலும் என் கணவர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து கேசட்டாக்குவது என் வேலை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணையும் பதுளை டவுன் பெண்ணையும் ஒரே ரோஜாப்பூவுக்குள் சுழலவிட்டவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போர் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய காலம் அது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். பல வருஷமாகப் பதுளையில் ஒற்றை அறையில் தங்கி, கடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். மனைவியும் மகளும் ஊரில். இப்போது டவுனுக்கு மேலே மலைச்சரிவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தார். ஆனால் மனைவி வர மறுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாக்காத வீட்டுக்கு இனிப் போகமாட்டன் எண்டு நிக்கிறா, தங்கச்சி. பிள்ளையையும் கொண்டு இவ்வளவு தூரம் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போறதெண்டால் லேசில்லை. நீங்கள் அந்த வீட்டை ஒரு வீடியோ எடுத்துத் தாங்கோ."

வீட்டுச் சொந்தக்காரர் ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும் வரைதான் காத்திருப்பாராம். அதற்குள் அவர்கள் வந்தால் மகளைப் பதுளையிலேயே சேர்க்கலாம். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தக் கடைச் சோறு என்று அவர் சிரித்தபடிதான் சொன்னார். கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

"ஜோரா எடுத்துடலாம் சார். அக்கா பாத்த ஒடனே ரயில் ஏறிடுவாங்க" என்றார் என் கணவர்.

எங்களுக்குத் தெரிந்தது கல்யாண வீடு. ஆகவே கல்யாண வீட்டை எடுக்கிற மாதிரியே எடுத்தோம். கடையில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடிகளைக் கொண்டுபோய் ஹாலில் வைத்தோம். பெரிய லைட்டைப் போட்டதும் மங்கலாக இருந்த அறைகள் எல்லாம் மாளிகையாகிவிட்டன. ஹாலை மட்டும் என் கணவர் மூன்று பக்கத்திலிருந்து எடுத்தார். குசினிப் பக்கம் கேமரா போகவே இல்லை. கல்யாண வீட்டில் அடுப்படியை எடுத்தால் அங்கே வேலை செய்யும் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திட்டுவார்கள், வீட்டுக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எங்கள் கையில் ஊறிப்போயிருந்தது. நான் என் பங்குக்கு முகப்பில் மலையும் பனியும் வைத்து, நாதஸ்வரம் சேர்த்து, முன்கதவை ரோஜாப்பூவுக்குள் சுழலவிட்டேன். கேசட்டைப் பார்த்த கிளார்க்குக்கே அந்த வீட்டை அடையாளம் தெரியவில்லை.

கேசட் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் கடைக்குத் தொலைபேசி வந்தது. அவருடைய மனைவி.

"நீங்கள்தானே தங்கச்சி அந்த வீடியோ எடுத்தனீங்கள்? நல்ல வடிவா இருந்தது. பக்கத்து வீட்டிலதான் போட்டுப் பாத்தனாங்கள். சனமெல்லாம் வந்து, ஆருடைய கலியாணம் எண்டு கேட்டினம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வீடு நல்லாத்தான் கிடக்கு. எண்டாலும் எனக்கு வர மனமில்லை. குசினியைக் காணேல்லை, தண்ணி எங்க எடுக்கிறது எண்டும் தெரியேல்லை. அது போகட்டும். பின்பக்கத்தில ஒரு கதவு இருக்கோ?"

"இருக்குங்க அக்கா."

"அதைத் திறந்தால் எங்க போகலாம்?"

என்ன கேள்வி இது என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"கனக்க வீடு மாறிட்டம், தங்கச்சி. ஒருக்கா முன்வாசல் மட்டும் இருந்த வீடொண்டில இருந்தனாங்கள். இனி அப்பிடி ஒரு வீட்டில பிள்ளையைப் படுக்க வைக்கமாட்டன்."

அதற்குமேல் அவர் எதையும் விவரிக்கவில்லை. அவர் எனக்கு விவரிக்கத் தேவையும் இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் பஜாரில் கடைகள் எரிந்தபோது என் அம்மா என்னைப் பின்வாசல் வழியாகத்தான் இழுத்துக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு திறக்காமல் நின்ற அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனாலோ என்னவோ, என் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு மாதாமாதம் தையல் மெஷின் எண்ணெய் விடுவேன். என் கணவர் கேலி செய்வார். கதவு தைக்கப்போகிறதா என்பார்.

ரிசீவரை வைத்துவிட்டு என் கணவரிடம், "மறுபடி எடுக்கணும்ங்க" என்றேன்.

"இதுக்கு மேல எப்படி எடுக்கிறது? அவங்க ஊரு டிவியில சரியாத் தெரியலையோ என்னமோ."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம், டிவி என்ன பண்ணும்? லைட்டை வச்சிட்டுக் கேமராவை மட்டும் எடுங்க."

இந்த முறை பஸ் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கினோம். பெட்டியும் பிள்ளையுமாக இப்போதுதான் வந்து இறங்கியவள் போல நான் முன்னால் நடந்தேன். பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். என் கணவர் கேமராவோடு மெதுவாகப் பின்னால் வந்தார். எங்கேயும் வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வெட்டினால், இடையில் எதையோ ஒளித்துவிட்டார்கள் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும்.

படிக்கட்டு செங்குத்து, மூச்சு வாங்கியது. அதுவும் பதிவாகட்டும் என்று விட்டேன். காலை வெயில் எந்த அறைக்குள் விழுகிறது, எந்த அறைக்கு விழாது என்று ஜன்னல் ஜன்னலாகக் காட்டினோம். குசினிக் குழாயைத் திறந்தபோது முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் துப்பியது. தெளிகிற வரைக்கும் அப்படியே நின்றோம். சீலிங்கில் ஒரு ஈரக்கறை. "இது மழைக்கு ஒழுகுங்க அக்கா. தகரம் மாத்தித் தர்றேன்னு சொந்தக்காரர் சொல்லியிருக்காரு" என்றேன். கூட வந்திருந்த கிளார்க் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கடைசியாகப் பின்கதவு. தாழ்ப்பாள் அசையவில்லை. என் கணவர் கேமராவை இறக்கப் பார்த்தார்.

"எறக்காதீங்க" என்றேன். தோளால் ஒரு இடி இடித்தேன். திறந்தது.

வெளியே பக்கத்து வீட்டின் சௌசௌ பந்தல். அதன் அடியில் ஒற்றையடிப் பாதை. வேலியில் ஒரு சின்னப் படலை, அதைத் தாண்டினால் கீழ் ரோட்டுக்கு இறங்கும் படிகள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படலைக்குப் பூட்டே கிடையாது என்று இழுத்துத் திறந்து காட்டினார். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, பிள்ளைக்கு எத்தனை வயது என்று விசாரித்தார். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

நாங்கள் அதுவரை எடுத்ததிலேயே அழகில்லாத கேசட் அதுதான். ரோஜாப்பூவும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் கடைத் தொலைபேசி மணியடித்தால் நான்தான் ஓடி எடுப்பேன். கல்யாணக்காரர்கள்தான் பேசுவார்கள்.

ஜனவரி நெருங்கியபோது கிளார்க் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புதுப் பால் பானை. "வெளிக்கிட்டினம்" என்று மட்டும் சொன்னார், ஊரிலிருந்து கிளம்பிவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பானையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

கொழும்பு வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் வந்து இறங்கிய அந்த அக்கா, வீட்டுக்குள் உடனே போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப் போனார். படலையைத் திறந்து, கீழ் ரோடு வரை இறங்கி, திரும்பி ஏறி வந்தார். அதற்குப் பிறகுதான் முன்வாசலில் வலது காலை எடுத்து வைத்துப் பால் காய்ச்சினார்.

அடுத்த கிறிஸ்மஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளியே பதுளைக்கே உரிய மார்கழி மழையும் காற்றும். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். தேநீர் போடும் அக்காவோடு பேசிக்கொண்டே குசினியில் நின்றபோதுதான் கவனித்தேன். பின்கதவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய அலுமாரி நின்றது. உள்ளே அரிசியும் மாவும் போத்தல்களும் நிறைந்திருந்தன. ஒருவர் தனியாகத் தள்ளி நகர்த்தக்கூடிய பாரமில்லை.

"அக்கா, பின்வாசல்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ எப்போதோ கேள்விப்பட்ட விஷயத்தைக் கேட்ட மாதிரி யோசித்தார்.

"அதால ஒரே குளிர் காத்து, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, சீனி எவ்வளவு போட என்று கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு விட எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். தையல் மெஷினுக்கு மட்டும் விட்டுவிட்டு மூடி வைத்தேன்.