சுருட்டையனின் அப்பா

எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் கட்டுக்கட்டாகத்தான் வரும். படிக்க இல்லை, பட்டுப்புழுவுக்கு விரிக்க. இண்டூரை ஒட்டிய எங்கள் ஊரில் பாதிப் பேர் மல்பெரி போட்டிருந்தார்கள். இளம்புழுவை வாங்கி வந்து ஷெட்டில் அடுக்குத் தட்டுகளில் விட்டு, வேளாவேளைக்குத் தழை போட்டு, கூடு கட்டும்வரை கைக்குழந்தை போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டில் தாள் விரித்தால் கழிவை அள்ளுவது சுலபம். அதற்காக அப்பா தர்மபுரி பழைய பேப்பர் கடையிலிருந்து மொபெட்டின் பின்னால் கட்டி எடுத்து வருவார். எந்த வருடத்துப் பேப்பர் என்று புழு கேட்பதில்லை.

ஒருமுறை வந்தது முழுக்க ஆங்கிலப் பேப்பர். யாரோ பெரிய உத்தியோகஸ்தர் வீடு மாறிப் போயிருக்க வேண்டும். பல வருடத்துத் தாள்கள், மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் விளையாட்டுச் செய்திக்கு முந்தின பக்கத்தில் நாலு கட்டத்தில் ஒரு படக்கதை. சுருட்டை முடிக்காரப் பையன் ஒருவன், அவனுடைய அப்பா அம்மா, அவ்வளவுதான். பையனுக்குப் பதினாறு வயது. மத்தியானம்வரை தூங்குவான், அறையைக் குப்பைமேடாக வைத்திருப்பான், எது கேட்டாலும் தோளைக் குலுக்குவான். எங்கள் அண்ணனுக்கும் அப்போது பதினாறு. அவன் அந்தப் பையனுக்குச் சுருட்டையன் என்று பெயர் வைத்தான். அந்தப் பக்கத்தை மட்டும் புழுவுக்கு விரிக்க விடமாட்டான். தனியாக உருவி எடுத்து வைத்துக்கொள்வான்.

நான் நாலாம் வகுப்பு. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். அண்ணன்தான் உரக்கப் படித்துச் சொல்வான், வெளியே அப்பா காதிலும் விழும். சுருட்டையனின் அப்பா கையை விரித்துக் கத்தும் கட்டம் வந்தால், "டேய், வூடாடா இது, மாட்டுக் கொட்டாயா?" என்பான். அம்மா வரும் கட்டத்தில், "துன்னுட்டு தட்டக் கழுவுனா கை தேஞ்சா பூடும்?" என்பான். எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரர் எங்கள் அப்பா பேசுவதை அப்படியே பேசுகிறாரே! பின்னாளில் நானே படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்தபோதுதான் அண்ணன் சேர்த்துவிட்ட சொந்தச் சரக்கு எவ்வளவு என்று தெரிந்தது. ஆனாலும் இன்றுவரை எனக்கு அண்ணனுடைய வசனம்தான் பிடிக்கும்.

பயமும் அங்கேதான் ஆரம்பித்தது. அண்ணன் படிப்பதோடு நிற்கவில்லை. அப்பா கூப்பிட்டால் தோளைக் குலுக்கினான். "தழ வெட்டுனியாடா?" என்றால் "வெட்டலாம் வெட்டலாம்" என்றான். அப்பா முறைக்கும்போதெல்லாம் நான் அம்மா பின்னால் போய் நின்றுகொள்வேன். சுருட்டையன் வீட்டில் மிஞ்சிப்போனால் அப்பாவின் முடி பறக்கும், மறுநாள் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் அப்பாவுக்கு முடி குறைவு, கைதான் முந்தும்.

சுருட்டையனுக்குக் கதவு வைத்த அறை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் உள்ளே கதவே கிடையாது. ஒரே கூடம், ஒரு சமையல்கட்டு. தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் புழு ஷெட்தான். அதை அண்ணன் தன் அறையாக்கிக்கொண்டான். சீப்பு, சின்னக் கண்ணாடி, நல்ல சட்டை எல்லாம் சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. புழுவோடு புழுவாகக் கிடக்கிறானே என்று அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

ஷெட்டுக்கென்று சட்டம் உண்டு. காலைக் கழுவித்தான் நுழைய வேண்டும். பீடி நாற்றம், ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் அண்டக் கூடாது. அம்மா தலையில் பூ இருந்தால் எடுத்து வெளியே முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். வாசனை என்றால் புழுவுக்கு ஆகாது. பேச்சு வருவதற்கு முன்பே இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூட்டாளி வீட்டுக் கல்யாண வரவேற்புக்குத் தர்மபுரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். புழுக்கள் தோல் உரிக்கும் நாலாம் தூக்கம் முடிந்து எழுந்து, தழை போடப் போட மென்று தள்ளும் நேரம். இன்னும் சில நாளில் கூடு கட்டிவிடும். அந்த வளர்ப்பு போனால் வீட்டில் வேறு வருமானம் இல்லை. அண்ணன் ஷெட்டைத் தாழ்போட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது ஆளுக்கு முன்னால் வாசனை வந்தது. பாடி ஸ்ப்ரே. எங்கே வாங்கினான் என்று தெரியவில்லை. எங்கே அடித்துக்கொண்டான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சுருட்டையனும் ஒருநாள் இப்படித்தான் சென்ட்டில் குளித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். அடுத்த கட்டத்தில் பஸ் காலி. நானும் அண்ணனும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருந்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஷெட்டிலிருந்து கத்தினாள். ஓடிப் பார்த்தேன். கதவோரத் தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்கின. தழையை ஒன்றுகூடத் தொடவில்லை. மழை பெய்வது போலக் கேட்கும் மெல்லும் சத்தம் அந்தப் பக்கம் அடங்கிக் கிடந்தது.

அம்மாவுக்கு வாசனை பிடிபட்டிருக்க வேண்டும், தழையை வாரிக்கொண்டே வாசலில் நின்ற அண்ணனைத்தான் பார்த்தாள். அப்பாவுக்குக் காலையிலிருந்து சளி, மூக்கு அடைத்திருந்தது. அவர் புழுவைப் பார்த்தார், தழையை முகர்ந்து பார்த்தார், நேராக எங்கள் கொல்லைக்கு அடுத்த தக்காளித் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அது சித்தப்பாவுடையது. மருந்து அடித்தால் காற்றில் எங்கள் மல்பெரி மேல் படிந்துவிடும், அதைத் தின்றால் புழு இப்படித்தான் கக்கும்.

"அவந்தான். எத்தன தடவ சொன்னன், மருந்தடிக்கிற அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லுடான்னு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் இரண்டு வருடம் பேசாமல் இருந்து, போன பொங்கலுக்குத்தான் இரண்டு பேரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா மகளும் நானும் ஒரே வகுப்பு. அந்த இரண்டு வருடமும் நாங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் ரகசியமாகப் பேசிக்கொள்வோம். மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் அண்ணன் தோல் உரியும். சொல்லாவிட்டால் சித்தப்பா வீட்டு உறவு போய்விடும். அண்ணனைப் பார்த்தேன். நல்ல சட்டை, படிய வாரிய தலை, முகத்தில் ரத்தம் இல்லை.

அப்பா வரப்பில் போய் நின்று ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா மண்வெட்டியோடு நிமிர்ந்து, "நான் மருந்தடிச்சே எட்டு நாளாச்சுண்ணா, சும்மா வாய்க்கு வந்ததப் பேசாத," என்றார். அப்பா இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குள் அண்ணன் செருப்பில்லாமல் சேற்றில் ஓடினான்.

"அப்பா, சித்தப்பா இல்ல. நான்தான். ஷெட்டுக்குள்ள சென்ட் அடிச்சிட்டன்."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடி பறக்கவில்லை, கை ஓங்கவில்லை. சித்தப்பாவிடம் திரும்பி, "தப்பா நெனச்சிக்காதடா," என்றார். பிறகு அண்ணனிடம், "கதவத் தொறந்து வுடு. தாள மாத்தணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கதவோர வரிசை முழுக்கப் போயிற்று. மற்றவை பிழைத்துக் கூடு கட்டின. செத்த புழுக்களை அண்ணன்தான் அள்ளிக் குழியில் கொட்டினான், அந்த நல்ல சட்டையோடே. கல்யாணத்துக்குப் போகவில்லை. தப்பித்தான் என்று எனக்கு நிம்மதி. அவன் ஏன் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான் என்பதுதான் புரியவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் மாறிப்போனான். விடிவதற்குள் எழுந்தான். சொல்வதற்கு முன்பே தழை வெட்டினான். "என்னப்பா" போய் "சரிங்கப்பா" வந்தது. தோளைக் குலுக்கவே இல்லை. ஊரே மெச்சியது, அம்மா கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினாள். சேர்த்து வைத்திருந்த சுருட்டையன் பக்கங்களை அவனே எடுத்துக் கொடுத்து, "புழுவுக்குப் போடு பாப்பா," என்றான். இனிமேல் வீட்டில் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வளர்ப்புக்குத் தாள் விரிக்கும்போது நான் எடுத்துக் கொடுக்க அப்பா விரித்துக்கொண்டு வந்தார். ஒரு தாளைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். சுருட்டையன் பக்கம்.

"பாப்பா, இவன் இன்னும் அவங்கப்பங்கூட மல்லுக்கு நிக்கறானா?"

"ஆமாப்பா. தெனமும்."

ஷெட்டுக்கு வெளியே அண்ணன் தலை நிமிராமல் தழைக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"குடுத்து வெச்ச மனுசன்," என்றார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் கதை விளங்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நான் படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். "இல்லப்பா, இங்க பாரு. அவன் சொன்ன பேச்சே கேக்கல. இவரு கத்திக்கிட்டு இருக்காரு."

"அதான்," என்றார் அப்பா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த தாளை எடுத்து நீட்டினேன்.