ஹாரன் மாமாவும் ஒழுகும் பிக்கப்பும்

"உன் மாமன்கிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்னு," என்றார் அப்பா.

மாமா அவருக்கு மூன்றடி தள்ளி, பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தார். செருப்புகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என் வண்டிய எடைக்குப் போட இவர் யாருன்னு உங்க அப்பன்கிட்ட கேளு."

"வண்டி அவனோடது. அது ஒழுகுற தரை என்னோடது. புது டைல்ஸ் பூரா சிவப்பு எண்ணெய். அன்னிக்குள்ள தானா ஓடி வெளிய போனா சரி. இல்லேன்னா கட்டி இழுத்துட்டுப் போவான்."

"ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லு. போனா திரும்ப இந்த வாசலை மிதிக்க மாட்டேன்னும் சேத்துச் சொல்லு."

"அதை மொதல்ல செய்யச் சொல்லு."

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். பள்ளியில் இரண்டு மொழி படித்தவள் நான். வீட்டில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. எப்போதும் கத்தியே பேசுவதால் தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். முன்பு அப்பாவோடு ஏ.சி. பொருத்தும் வேலைக்குப் போனார். ஒரு வீட்டில், "உங்களுக்கு எதுக்கு ஏ.சி.? ஜன்னலைத் தொறந்து வைங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா எல்லார் முன்னாலும் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார். அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது. பிறகு மாமா, என்னைவிட வயதான ஒரு ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப்பை வாங்கி, தச்சுப் பட்டறைக்குக் கதவும் ஜன்னலும் ஏற்றி இறக்கினார். தூங்குவது எங்கள் ஷெட்டை ஒட்டிய அறையில். அம்மா தட்டைக் கொண்டுவந்தால் பானட் மேல் வைத்து நின்றுகொண்டே தின்பார். அப்பாவின் வீட்டுக்குள் உட்கார மாட்டாராம். அப்பாவின் ஷெட்டில் தூங்குவது கணக்கில் வராது போலிருக்கிறது.

அந்த வண்டியில், கியர் பெட்டியின் எண்ணெயை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆறவைத்துத் திருப்பிக் கொண்டுவர இரண்டு இரும்புக் குழாய்கள் உண்டு. இரண்டும் துருவேறி அரித்துப்போயிருந்தன. எண்ணெய் குறையக் குறைய வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. பழைய குழாய்களைக் கழற்றுவதற்குள் ஸ்பேனர் வழுக்கி மாமாவின் விரல் முட்டிகளில் தோல் பெயர்ந்தது. நட்டையும் திட்டினார், அதைச் செய்தவனையும் திட்டினார், வேடிக்கை பார்த்த பூனையையும் விடவில்லை.

"செம்புக் குழாய் சுருள் சுருளா கெடக்கு. வேணும்னா எடுத்துக்கச் சொல்லு," என்றார் அப்பா, பிச்சை போடுகிற குரலில்.

"சுவத்துல சும்மா தொங்குற பெட்டிக்குச் செம்பு போதும். ரோட்டுல குலுங்குற வண்டிக்கு அது விரிசல் விட்டுடும். ஏ.சி. மாட்டுறவருக்கு எங்க தெரியப்போகுது!"

ஆனால் குழாயின் முனையை விரிக்கும் கருவி மட்டும் அப்பாவின் அலமாரியிலிருந்து கேட்காமலே வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலைக்குள், மாமா வாங்கி வந்த இரண்டு புது இரும்புக் குழாய்களில் ஒன்று ஏறிவிட்டது. இரும்புக்காரனின் வண்டி வாசலில் நின்றது. மாமா இரண்டாவது குழாயை அளவாக வெட்டிக் கருவியில் பூட்டினார். அப்பா டீ தம்ளரோடு வந்து நின்றார்.

"அவ்வளவு இறுக்கினா பிளந்துடும்னு சொல்லு."

"வாயை இறுக்கச் சொல்லு உங்க அப்பனை!"

மாமா கருவியைச் சுற்றிக்கொண்டே சண்டை போட்டார், சண்டை போட்டுக்கொண்டே சுற்றினார். முனை பூப்போல விரிந்து வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு," என்றார் அப்பா. "நட்டு எங்கன்னு கேளு."

நட்டு, பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பாவின் மூடிமேல் இருந்தது. முனையை விரிப்பதற்கு முன் குழாயில் கோர்க்க வேண்டியது. மறுமுனையும் ஏற்கனவே விரிந்திருந்தது. இனி எந்தப் பக்கமும் நுழையாது. வெட்டிவிட்டு மறுபடி விரித்தால் குழாய் ஒரு விரல் நீளம் குறையும். வேறு குழாய் இல்லை.

"இனி எட்டாது. எட்டினாலும் சொட்டும்." அப்பா டீயை ரசித்துக் குடித்தார்.

மாமா பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். முனையை வெட்டினார். குழாயின் நடுவே இருந்த ஒரு வளைவை முழங்காலில் வைத்து, மடங்கிவிடாமல், மெல்ல மெல்ல நிமிர்த்தினார். விட்ட நீளம் அதில் கிடைத்தது. அம்மா உள்ளேயிருந்து வந்து நட்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. மொதல்ல இதைக் கோத்துட்டு அப்புறம் வாயத் தெற."

மத்தியானம் வண்டி உறுமியது. கியர் விழுந்ததும் ஒரு குலுக்கல்; பிறகு நகர்ந்தது. "அப்ப நான் கெளம்பட்டுமா?" என்று இரும்புக்காரன் பொதுவாகக் கேட்டான்.

மாமா பாயையும் பெட்டியையும் பின்னால் எறிந்தார். சொன்னபடியே அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார், அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அன்று கிளம்பும்போது என்னிடம், "பின்னாடியே நடந்து வா பாப்பா. தரையைப் பாத்துக்கிட்டே வா," என்றார். தெருமுனைவரை குனிந்தபடியே போனேன். வண்டி நின்றது.

"சொட்டுச்சா?"

"ஒரு சொட்டுகூட இல்ல, மாமா."

அவர் முகம் மலரவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அப்பா இன்னும் கேட்டருகே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த ஆளு கேப்பாரு. அவரு சொன்ன மாதிரியே வழி பூரா சொட்டிக்கிட்டே போச்சுன்னு சொல்லிடு. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும்."