இடித்தால் கையில் அதிரும்

கல்ஃபிலிருந்து வருகிற புருஷன் தங்கம் வாங்கி வருவார் என்று பார்த்தால், போன லீவுக்கு என் வீட்டுக்காரர், நான் மச்சான்னு கூப்பிடுறவர், கார் ரேஸ் ஆடுகிற கேம் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "இன்னொண்ணு என் ரூம்ல இருக்கு. ஆன்லைன்ல ஆடிக்கிட்டே பேசலாம் புள்ள" என்றார். அவர் வேலை பார்க்கிற ஊரில் போனில் இன்டர்நெட் கால் போகாது, கேமுக்குள் பேசினால் போகும். கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கு. மன்னார்புரத்தில் என் தங்கச்சி வீட்டில் வேறு கம்பெனி பாக்ஸ். அதில் கையை வீசினால் திரையில் மட்டையும் வீசும், ஆனால் பேசணும்னா தனியாகப் போனை எடுக்கணும். எங்களுடையதுதான் உசத்தி என்று அவளிடம் பீற்றிக்கொள்வேன்.

அவர் திரும்பிப் போன முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து ஆன்லைனில் ஆட வந்தார். "என்ன, முறுக்கு தின்னுக்கிட்டே பேசுறியா? ஒரே கரகரன்னு இருக்கு."

முறுக்குமில்லை, ஒன்றுமில்லை. மாமி, அதான் அவர் உம்மா, டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரியே கன்ட்ரோலருக்கும் பிளாஸ்டிக் கவர் மாட்டி ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். எங்க பாலக்கரைப் புழுதி அப்படி. கவரைக் கழற்றியதில் மாமிக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் வாராவாரம் ஆட்டம்தான். ஸ்ரீரங்கம் பாலத்தில் மாட்டின பஸ் மாதிரி ஓட்டுகிறேன் என்று கிண்டல் பண்ணுவார்.

எனக்கு ஏழாம் மாசம் வந்தது. பிள்ளை உதைப்பதை வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்த்தாச்சு, அவரைத் தவிர. பிரசவத்துக்கு முன்னால் லீவு இல்லை. "அந்த உதை என் நஸீபுல எழுதல போல" என்று ஒருநாள் குரல் இறங்கச் சொன்னார்.

அடுத்த வெள்ளி, ரேஸ் நடுவில் பிள்ளை உதைத்தது. விரல் தவறி, அவர் கார் மேல் இடித்துவிட்டேன்.

"கண்ணு தெரியலையா? கையெல்லாம் அதிருது" என்று சிரித்தார். யாராவது நம் காரை இடித்தால் கன்ட்ரோலர் கையிலேயே அதிரும்.

"நான் இடிக்கல மச்சான். உங்க புள்ள உதைச்சுச்சு."

திரையில் அவர் கார் நடுரோட்டில் நின்றது. மற்ற கார்களெல்லாம் தாண்டிப் போயின.

"இனிமே உதைக்கிறப்பல்லாம் இடி" என்றார். "மெதுவா உதைச்சா மெதுவா இடி. ஏமாத்தக் கூடாது."

என் காரை அவர் கார் பின்னால் நிறுத்தி, வயிற்றில் ஒரு கை, கன்ட்ரோலரில் ஒரு கை வைத்துக் காத்திருந்தேன். உதைத்தது. இடித்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இது வலது காலா, இடது காலா?"